நடிகர் கல்வியில் உடலும் உள்ளமும்: ஸ்டானிஸ்லாவ்ஸ்கியின் நூல் இரண்டான வரலாறு

1. முன்னுரை

நடிகர் கல்வியைப் பற்றிய ஆய்வுகளில் உடற்பயிற்சி, அகப்படைப்பாற்றல் என்னும் இரண்டும் எதிரெதிரே நிறுத்தப்படுவது வழக்கம். உடலை வயப்படுத்தல், மூச்சை ஆளுதல், குரலைப் பண்படுத்தல், நடையையும் நிலையையும் சீர்செய்தல் ஆகியன முன்னதன்பாற்படும். கற்பனை, கவனக் குவிப்பு, உணர்ச்சி நினைவு, பாத்திரத்தின் உள்ளத்தை உணர்தல் ஆகியன பின்னதன்பாற்படும். முன்னது கற்பிக்கத்தக்கது, பின்னது பிறவியிலேயே அமைவது என்னும் கருத்தும் இப்பகுப்பினின்று எழுகிறது.

இப்பகுப்பு இயல்பானதுபோலத் தோன்றினும் அதற்கென ஒரு வரலாறு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் நடிகர் கல்வியில் பெருஞ்செல்வாக்குப் பெற்றவர் ரஷ்ய நாட்டு நடிகரும் இயக்குநருமான கான்ஸ்டான்டின் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி (1863-1938). ஒன்றாக அமையவேண்டுமென அவர் கருதிய நூல் இரண்டாகப் பிரிந்தது. பிரிந்த பாகங்களுக்கிடையே நீண்ட இடைவெளி விழுந்தது. அவர்தம் கலைச்சொற்கள் மொழி மாறியபோது பொருளில் சிறிது திரிந்தன. இம்மூன்றும் சேர்ந்து, அவர் ஒன்றாகக் கண்டதை உலகம் இரண்டாகக் காணுமாறு செய்தன என்பதை நூல் வரலாறு, சொல் வரலாறு ஆகிய இரு வழிகளில் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. வினாவின் தோற்றம்

ஸ்டானிஸ்லாவ்ஸ்கியும் விளாதிமிர் நெமிரோவிச் தான்செங்கோவும் இணைந்து 1898இல் மாஸ்கோ கலை அரங்கினை நிறுவினர். அடுத்த சில ஆண்டுகளில் செகாவ், இப்சன், கார்க்கி ஆகியோரின் நாடகங்களால் அவ்வரங்கு பெரும்புகழ் எய்தியது. இப்சனின் 'மக்களின் பகைவன்' நாடகத்தில் டாக்டர் ஸ்டாக்மன் வேடம் ஸ்டானிஸ்லாவ்ஸ்கிக்கு மிகுந்த பெயர் ஈட்டித் தந்தது. ஆயினும் 1906ஆம் ஆண்டுக் கோடையில் ஃபின்லாந்துக் கடற்கரையில் ஓய்வெடுத்தபோது அவர் தம் நடிப்பைத் திரும்ப எண்ணிப் பார்த்தார். ஸ்டாக்மனின் முன்சாய்ந்த உடல், விரைந்த நடை, முன்னீட்டிய விரல்கள் ஆகியன தம்மிடம் அப்படியே இருப்பதையும், அவற்றைத் தோற்றுவித்த உணர்வோ அகன்றுவிட்டதையும் கண்டார். உடல் பழக்கத்தால் இயங்கியது, உள்ளம் உடன்செல்லவில்லை.

'என் கலை வாழ்க்கை' என்னும் தன்வரலாற்று நூலில் அவர் இதனை விரிவாகப் பதிவுசெய்துள்ளார். அவ்வேடம் உயிரோடிருந்த காலத்தில் ஸ்டாக்மனின் எண்ணங்களை நினைத்தாலே உடலின் அப்பாங்குகள் தாமாக வந்து சேர்ந்தன என்றும், உடலின் பாங்குகளை மேற்கொண்டாலே உணர்வுகள் உள்ளே எழுந்தன என்றும் அந்நூல் கூறுகிறது. உள்ளிருந்து புறத்துக்கும் புறத்திலிருந்து உள்ளுக்கும் செல்லும் இருவழிப் பாதை ஒன்று அங்கே சுட்டப்படுவது குறிப்பிடத்தக்கது. பின்னர் அவர் உருவாக்கிய 'அமைப்புமுறை' முழுவதும் அப்பாதையை விரும்பியபோது திறக்கும் வழியைத் தேடியதன் விளைவே எனலாம்.

இத்தேடலில் அவர் பல துறைகளை நாடினார். பிரெஞ்சு உளவியலார் தெயோதுல் ரிபோவிடமிருந்து உணர்ச்சி நினைவு என்னும் கருத்தைப் பெற்றார். மற்றொரு மூலம் இந்தியத் தொடர்புடையது. யோகி ராமசரகர் என்னும் பெயரில் வெளிவந்த ஹடயோக நூல் அவர் கைக்குக் கிட்டியது. அப்பெயருக்குரியவர் இந்தியர் அல்லர். சிகாகோவில் எழுதிவந்த வில்லியம் வாக்கர் அட்கின்சன் என்னும் அமெரிக்கர். இந்திய மரபிலிருந்து பிறந்த கருத்துகள் அமெரிக்க ஆங்கிலத்தின் வழியாக ரஷ்ய மொழியை அடைந்து மாஸ்கோ நடிகர்களின் பயிற்சிக்குள் புகுந்தன. 1912இல் தொடங்கப்பெற்ற முதற் பயிற்சிக்கூடத்தில், லியோபோல்ட் சுலர்ஷித்ஸ்கியின் வழிகாட்டலில், தசைகளைத் தளர்த்துதல், கவனத்தை ஒருமுகப்படுத்துதல், 'பிராண' ஆற்றலை உறுப்புகளில் செலுத்துதல் ஆகியன பயிற்சிகளாயின. மூச்சையும் மனத்தையும் பிரிக்காத ஒரு மரபு அவருக்குத் துணைநின்றமை, அவர் நோக்கு எத்திசையிற் சென்றது என்பதற்குச் சான்றாகும்.

3. ஒரு நூல் இரண்டானமை

1928ஆம் ஆண்டு அக்டோபரில் மாஸ்கோ கலை அரங்கின் முப்பதாம் ஆண்டு விழாவில் மேடையிலிருந்தபோது ஸ்டானிஸ்லாவ்ஸ்கிக்கு மாரடைப்பு நேர்ந்தது. அதன்பின் அவர் நடிக்கவில்லை. கற்பித்தலிலும் எழுத்திலுமே எஞ்சிய ஆண்டுகளைக் கழித்தார். பிரான்சின் நீஸ் நகரில் உடல்நலம் தேறிவந்த காலத்தில் அமெரிக்கரான எலிசபெத் ரெனால்ட்ஸ் ஹேப்குட்டும் அவர் கணவரும் நூலை உருவாக்க உதவினர்.

நடிகர் தம்மை உருவாக்கிக்கொள்ளும் பணியை ஒரே நூலாகத் தரவேண்டும் என்பது அவர் விருப்பம். ஆனால் நூல் மிகவும் விரிந்தமையால் அதனை இரண்டாகப் பிரிக்க வேண்டியதாயிற்று. அகப்பணி முதற்பாகம், உடல், குரல், பேச்சு, தாளம் ஆகியவற்றை உள்ளடக்கிய புறப்பணி இரண்டாம் பாகம். முதற்பாகம் தனித்து வெளிவந்தால் அதுவே முழுமை எனக் கொள்ளப்படும் என்னும் அச்சம் அவருக்கு இருந்தது. அவ்வச்சம் மெய்யாயிற்று.

முதற்பாகம் 'நடிகர் ஆயத்தமாகிறார்' என்னும் பொருள்தரும் தலைப்பில் 1936இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. ரஷ்யப் பதிப்பு 1938இல், ஆசிரியர் மறைந்த சில வாரங்களுக்குள் வந்தது. இரண்டாம் பாகம் அவர் விட்டுச்சென்ற வரைவுகளிலிருந்து தொகுக்கப்பெற்று 1948இல் ரஷ்ய மொழியிலும், 'பாத்திரத்தைக் கட்டமைத்தல்' என்னும் பொருள்தரும் தலைப்பில் 1949இல் ஆங்கிலத்திலும் வெளியாயிற்று. எனவே ஆங்கிலம் வழியே கற்றோர்க்குப் பதின்மூன்று ஆண்டுகள் முதற்பாகம் ஒன்றே கிடைத்தது. இவ்விடைவெளியிலேயே அமெரிக்க நடிகர் கல்வி தன் வடிவத்தைப் பெற்றது. 1923-24 ஆண்டுகளில் மாஸ்கோ கலை அரங்கு அமெரிக்காவில் நிகழ்த்திய பயணமும், அங்கே தங்கிவிட்ட ரிச்சர்ட் போலஸ்லாவ்ஸ்கியின் வகுப்புகளும் முதற் பயிற்சிக்கூடக் காலத்துக் கருத்துகளை ஏற்கெனவே பரப்பியிருந்தன. லீ ஸ்ட்ராஸ்பெர்க் உணர்ச்சி நினைவையே தம் கல்வியின் நடுநாயகமாகக் கொண்டார். இப்போக்கினை நூல் தோற்றுவிக்கவில்லை. ஆனால் முதற்பாகம் மட்டும் கையிலிருந்த சூழல் அதற்குப் பெரிதும் அரண் செய்தது. ஜீன் பெனடெட்டியின் மொழிபெயர்ப்பில் இரு பாகங்களும் ஒரே நூலாக ஆங்கிலத்தில் இணைந்தது 2008இல்தான்.

4. பாகங்களின் உட்பொருள்

இரு பாகங்களையும் ஒருங்கே வைத்துக் கற்பார்க்கு ஓர் உண்மை புலனாகும். அகநூல் எனப்பட்டதில் உடல் இருக்கிறது. புறநூல் எனப்பட்டதில் உள்ளம் இருக்கிறது.

முதற்பாகத்தில் தசைத் தளர்ச்சிக்கு ஓர் இயலே ஒதுக்கப்பட்டுள்ளது. அதில் ஆசிரியர் ஒரு மாணவரைப் பியானோவின் ஒரு முனையைத் தூக்கிப் பிடிக்கச் சொல்கிறார். தூக்கியவாறே 37ஐ 9ஆல் பெருக்கச் சொல்கிறார். தெருவிலுள்ள கடைகளை வரிசையாக நினைவுகூரச் சொல்கிறார். மாணவரால் இயலவில்லை, பியானோவைக் கீழே வைத்தபின்னரே விடை வருகிறது. தசை இறுகியிருக்கையில் நினைவும் கற்பனையும் இயங்கா என்பது இதனால் மெய்ப்பிக்கப்படுகிறது. அகப்படைப்பாற்றலின் முதல் தடை உடலில் உள்ளது என்னும் இக்கருத்து, அகநூலிலேயே இடம்பெற்றுள்ளமை எண்ணத்தக்கது.

உண்மையுணர்வு பற்றிய இயலிலும் இதே போக்கு காணப்படுகிறது. இல்லாத பணத்தை எண்ணும் காட்சியை ஒரு மாணவர் நடிக்கிறார். ஆசிரியர் அவரை நிறுத்தி, கட்டினை அவிழ்த்தது எவ்வாறு, தாள்களைப் பிரித்தது எவ்வாறு என ஒவ்வொரு சிறுசெயலையும் திருத்துகிறார். செயல்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரியாக அமையும்போது மாணவர் காட்சியை நம்பத் தொடங்குகிறார். நம்பிக்கை வந்தபின் உணர்வு வருகிறது. இங்கு உணர்வுக்கு நேரடியாக ஆணையிடப்படவில்லை.

இரண்டாம் பாகத்திலுள்ள லயம்-தாளம் பற்றிய இயல்கள் எதிர்த்திசையில் இதனையே காட்டுகின்றன. தாளமானிகளின் தட்டொலிக்கேற்பச் செயல்புரியும் மாணவர்கள், தாளம் மாறும்போது தம் மனநிலையும் மாறுவதை உணர்கின்றனர். புறத்தே அமைதியாயிருக்கும் ஒருவரின் அகத்தாளம் விரைந்து ஓடலாம் என்னும் நுட்பமும் அங்கே விளக்கப்படுகிறது. இரு பாகங்களும் இரு பொருள்களைப் பற்றியன அல்ல. ஒரே பொருளின் இரு நுழைவாயில்கள் எனலே பொருந்தும்.

5. சொற்களின் பெயர்ச்சி

ஸ்டானிஸ்லாவ்ஸ்கி தம் நூலின் இரு பாகங்களையும் இரு ரஷ்யச் சொற்களால் வேறுபடுத்தினார். ஒன்று பெரெஷிவானியே; மற்றொன்று வொப்லொஷ்சேனியே. முன்னதில் 'ஊடாக' எனப் பொருள்படும் முன்னொட்டும் 'வாழ்' என்னும் வினையடியும் உள்ளன. ஒன்றன் ஊடே வாழ்ந்து கடத்தல் என்பது அதன் சொற்பொருள். துன்பத்தையோ இன்பத்தையோ பட்டறிந்து கடப்பதற்கு அன்றாட ரஷ்ய வழக்கில் இச்சொல் வழங்குகிறது. பின்னதில் 'தசை, ஊன்' எனப் பொருள்படும் சொல் அடியாக அமைந்துள்ளது. ஊன்பெறச் செய்தல் என்பது அதன் சொற்பொருள். ஒன்று உள்ளத்தையும் மற்றொன்று உடலையும் குறிப்பதாக மேலோட்டமாகத் தோன்றினும், வாழ்தல் உடலின்றி நிகழாது. ஊன்பெறுதலும் உயிர்ப்புள்ள ஒன்றுக்கே நிகழும். அகம் புறம் என்னும் எதிர்மறைச் சொற்களாக இவை மாறியபோது இத்தொடர்பு அறுந்தது.

ஸதாச்சா என்னும் மற்றொரு சொல்லும் கருதத்தக்கது. பள்ளி மாணவர் தீர்க்கவேண்டிய கணக்குக்கும் ஒருவர் செய்துமுடிக்கவேண்டிய பணிக்கும் ரஷ்ய மொழியில் இதுவே பெயர். ஹேப்குட்டின் மொழிபெயர்ப்பு இதனைக் குறிக்கோள் எனப் பொருள்படும் சொல்லால் பெயர்த்தது. பெனடெட்டி பணி எனப் பொருள்படும் சொல்லை ஆண்டார். குறிக்கோள் மனத்தில் இருப்பது. பணி கையால் செய்யப்படுவது. ஒரு சொல்லின் பெயர்ப்பில் நிகழ்ந்த இச்சிறு நகர்வு, மேடையில் செய்யவேண்டியதை மனத்தில் எண்ணவேண்டியதாக மாற்றிவிட வல்லது.

'பிராணன்' என்னும் சொல்லின் வரலாறு வேறு வகையானது. முதற் பயிற்சிக்கூடக் காலத்தில் தயக்கமின்றி வழங்கிய இச்சொல், சோவியத் ஆட்சியின் கருத்தியல் இறுக்கம் மிகுந்தபோது அச்சிலிருந்து மறைந்தது. அதனிடத்தில் 'ஆற்றல்', 'தசையாற்றல்' போன்ற சொற்கள் வந்தன. பயிற்சி எஞ்சியது, அதன் பின்னணிக் கொள்கை சொல்லோடு நீங்கியது.

6. மேயர்ஹோல்டும் மிகயீல் செகாவும்

உடலிலிருந்து தொடங்கிய மறுவழியும் இக்காலத்தில் வளர்ந்தது. மாஸ்கோ கலை அரங்கின் முதல் நடிகர்களுள் ஒருவரான விசெவலத் மேயர்ஹோல்டு 1902இல் அதனை விட்டு நீங்கினார். 1922இல் தம் பயிற்சிமுறைக்கு உயிர்ப்பொறியியல் எனப் பொருள்படும் பெயரை இட்டார். அம்பெய்தல், கல்லெறிதல், கன்னத்தில் அறைதல் முதலிய செயல்கள் கணக்கிட்ட கூறுகளாகப் பகுக்கப்பட்டுப் பயிலப்பட்டன. ஒவ்வொரு செயலுக்கும் முன்னர் எதிர்த்திசையில் ஒரு சிறு பின்வாங்கல் வேண்டும் என்பது இம்முறையின் விதி. உணர்வினால் ஓட்டம் அன்று, ஓட்டத்தினாலேயே அச்சம் என்னும் வில்லியம் ஜேம்ஸின் உளவியற் கருத்து இதற்கு அடிப்படையாயிற்று. எனவே உடற்பயிற்சி எனக் கருதப்படும் இம்முறையும் உணர்வைப் புறக்கணித்ததன்று. சரியான உடல்நிலை சரியான உணர்வை எழுப்பும் என்பதே அதன் நம்பிக்கை.

முதற் பயிற்சிக்கூடத்தில் பயின்ற மிகயீல் செகாவ் (1891-1955) மற்றொரு இணைப்பினைக் கண்டார். 1928இல் ரஷ்யாவை விட்டு நீங்கிய அவர் 1936இல் இங்கிலாந்தின் டார்ட்டிங்டனிலும் பின்னர் அமெரிக்காவிலும் கற்பித்தார். பாத்திரத்தின் தலையாய விழைவை முழுவுடலாலும் ஒரே மெய்ந்நிலையாகச் செய்துபார்த்து, பின்னர் அதனை வெளிக்காட்டாமல் உள்ளே தாங்கி நடிப்பது அவர்தம் முறை. இதற்கு 'உளவியல் மெய்ந்நிலை' எனப் பொருள்படும் பெயரை இட்டார். இப்பெயரே அகத்தையும் புறத்தையும் ஒரு தொடரில் பிணைக்கிறது.

7. இறுதி ஆண்டுகள்

1934இல் பாரிஸில் ஸ்டெல்லா அட்லர் என்னும் அமெரிக்க நடிகை ஸ்டானிஸ்லாவ்ஸ்கியைச் சந்தித்துச் சில வாரங்கள் பயின்றார். நாடகத்தின் சூழலும் செயலுமே முதன்மை என்றும், சொந்த வாழ்வின் துயரங்களைத் தோண்டுவது அன்று என்றும் அவர் அறிந்து திரும்பினார். இதனால் அமெரிக்க நடிகரிடையே ஏற்பட்ட பிளவு பல்லாண்டுகள் நீடித்தது. இது ஏட்டளவிலான கருத்துவேறுபாடு மட்டுமன்று. ஒவ்வோர் இரவும் தம் ஆறாத புண்ணைக் கிளறி அழவேண்டுமா, அல்லது செய்யும் செயலில் ஊன்றி நின்றால் போதுமா என்பது நடிகரின் உடல்நலத்தையும் மனநலத்தையும் நேரடியாகத் தொடும் வினாவாகும்.

1935இல் தொடங்கிய இசைநாடக-நாடகப் பயிற்சிக்கூடத்திலும், மொலியேரின் 'தார்த்தூஃப்' நாடக ஒத்திகைகளிலும் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி இதனை மேலும் கொண்டுசென்றார். நடிகர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து நெடுநாள் ஆராய்வதைக் குறைத்தார். பாத்திரங்கள் செய்யும் செயல்களைத் தம் சொந்தச் சொற்களால் செய்துபார்க்கச் செய்தார். ஒத்திகையில் பங்குகொண்ட வசீலி தப்பர்கோவ் எழுதிய நூல், அரங்கின் ஒப்பனை அறைகளையே நாடகத்தில் வரும் வீட்டின் அறைகளாகப் பங்கிட்டுக்கொண்டு நடிகர்கள் அங்கே வாழ்ந்து பார்த்ததை விவரிக்கிறது. ஸ்டானிஸ்லாவ்ஸ்கி 1938 ஆகஸ்டில் மறைந்தார். நாடகம் மிகயீல் கெத்ரோவின் பொறுப்பில் நிறைவுபெற்று 1939இல் அரங்கேறியது.

இம்முறைக்கு 'உடற்செயல் முறை' என்னும் பெயர் நிலைபெற்றது. சோவியத் கருத்தியல் இப்பெயரை விரும்பி ஏற்றது. பாவ்லோவின் உடலியலோடு இதனை இணைத்து, பொருள்முதல்வாத அறிவியலாகப் போற்றியது. ஒரே ஆசிரியர் அமெரிக்காவில் உள்ளத்தின் ஆசானாகவும் சோவியத் நாட்டில் உடலின் ஆசானாகவும் கொள்ளப்பட்டது இவ்வாறுதான்.

அவர்தம் இறுதிச் செயல் ஒன்று இங்குக் குறிப்பிடத்தக்கது. 1938 சனவரியில் மேயர்ஹோல்டின் அரங்கு அரசால் மூடப்பட்டது. பலரும் விலகிநின்ற அவ்வேளையில் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி அவரைத் தம் இசைநாடக அரங்கில் பணிபுரிய அழைத்துக்கொண்டார். இரு கோடிகள் எனப் பாடநூல்கள் குறிக்கும் இருவரும் ஒரே கூரையின்கீழ் வந்தனர். மேயர்ஹோல்டு 1939இல் கைதுசெய்யப்பட்டு 1940 பிப்ரவரியில் சுட்டுக்கொல்லப்பட்டார். அவ்விணைவு என்ன விளைத்திருக்கும் என்பதைக் காணும் வாய்ப்பு நாடக உலகிற்கு இல்லாது போயிற்று.

8. போலந்தும் கேரளமும்

அறுந்த இழையைப் பின்னர் எடுத்துக்கொண்டவர் போலந்தின் யெர்ஸி குரோட்டோவ்ஸ்கி (1933-1999). மாஸ்கோவில் சிறிது காலம் பயின்ற அவர், ஸ்டானிஸ்லாவ்ஸ்கியின் இறுதிக்கால முறையே தம் தொடக்கப்புள்ளி என்றார். 1959இல் ஒப்போலே நகரில் தம் அரங்கப் பணியைத் தொடங்கினார். அங்கே அவருடன் பணியாற்றிய யூஜினியோ பார்பா 1963இல் கேரள கலாமண்டலத்திற்கு வந்து கதகளிப் பயிற்சியைக் கண்டார். அவர் கொண்டுசென்ற பயிற்சிக் குறிப்புகள் ஒப்போலே நடிகர்களுக்குப் பயன்பட்டன. கதகளியில் உழிச்சிலும் கண் சாதகமும் மெய்ப்பயிற்சியும் ஆண்டுக்கணக்கில் முன்செல்கின்றன. உணர்வு வெளிப்பாடு அவ்வுடலிலேயே விளைகிறது.

குரோட்டோவ்ஸ்கி யோகப் பயிற்சியையும் தொடக்கத்தில் கையாண்டார். மனத்தை முழுதும் உள்ளொடுக்கும் அதன் நோக்கம் நடிப்பின் வெளிப்பாட்டிற்கு ஒத்துவரவில்லை எனக் கண்டு, நிலைகளை வைத்துக்கொண்டு நோக்கத்தை மாற்றினார். பயிற்சி என்பது திறமைகளைச் சேர்ப்பதன்று, உந்துதலுக்கும் செயலுக்கும் இடையிலுள்ள தடைகளை நீக்குவதே என்பது அவர் முடிபு. பியானோவைத் தூக்கிய மாணவரின் பாடமும் இதுவே.

9. தமிழ்க் கலைச்சொல்லாக்கம்

இவ்வரலாறு தமிழில் நாடகக் கலைச்சொற்களை ஆக்குவோர்க்கு ஒரு படிப்பினையைத் தருகிறது. ஆங்கிலத்தின் அகம்-புறம் பகுப்பை அப்படியே பெயர்த்தால், அங்கு நேர்ந்த பிளவும் உடன்வரும். தமிழ் மரபிலோ இப்பிளவைக் கடக்கும் சொல் ஒன்று உண்டு. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாம் இயல் மெய்ப்பாட்டியல். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளையும், ஒவ்வொன்றுக்கும் நந்நான்கு நிலைக்களன்களையும் அது வகுக்கிறது. மெய் என்பது உடல். மெய் என்பது உண்மை. 'படு' என்னும் தன்வினை, ஒருவர் முயன்று செய்வதைக் குறியாது, தானே தோன்றுவதைக் குறிக்கிறது. உள்ளத்து நிகழ்வது உடலில் தோன்றுதல் என்னும் முழுப்பொருளையும் அச்சொல் தாங்குகிறது.

மெய்ப்பாட்டியல் செய்யுளுக்கு இலக்கணம் கூறுவது. நடிகர்க்குப் பயிற்சிநூல் அன்று. ஆயினும் அவ்வியலுக்கு உரைவகுத்த இளம்பூரணர் செயிற்றியம் என்னும் கூத்துநூலை மேற்கோள் காட்டுவதால், இச்சொல் கூத்துக்கும் உறவுடையது என்பது தெளிவு. நாட்டிய சாத்திரமும் வியர்த்தல், மயிர் சிலிர்த்தல், நடுங்குதல், கண்ணீர் முதலிய உடல் நிகழ்ச்சிகளைச் சாத்துவிகம் எனப் பெயரிட்டு, அவை ஒருமுகப்பட்ட மனத்தில் பிறப்பன என்கிறது. இவ்வடிப்படையில், வொப்லொஷ்சேனியே என்பதற்குப் 'புறப்பணி' என்பதைவிட 'மெய்ப்படுத்தல்' பொருந்தும். ஸதாச்சாவுக்குக் 'குறிக்கோள்' என்பதைவிடச் 'செயற்பணி' பொருந்தும். பெரெஷிவானியேக்கு 'உணர்தல்' என்பதைவிட 'வாழ்ந்துணர்தல்' பொருந்தும்.

10. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. உடற்பயிற்சி, அகப்படைப்பாற்றல் என்னும் பகுப்பு நடிகரின் இயல்பிலிருந்து மட்டும் எழுந்ததன்று. நூலின் பருமன், பதிப்பு இடைவெளி, மொழிபெயர்ப்பு, அரசியல் ஆகியவற்றால் வலுப்பெற்றது. உடலை மட்டும் பயிற்றும் கல்வி, உணர்விழந்த ஸ்டாக்மனின் விரல்களையே தரும். உள்ளத்தை மட்டும் கிளறும் கல்வி, இறுகிய தசைகளோடு பியானோவைத் தாங்கி நிற்பவரையே தரும். பாடத்திட்டம் வகுப்போர் வசதி கருதி வகுப்புகளை இரண்டாகப் பிரிக்கலாம்; ஆனால் உடலசைவு வகுப்பிலும் ஒரு செயற்பணியும், கற்பனை வகுப்பிலும் ஓர் உடற்செயலும் இடம்பெறுமாறு அமைத்தல் வேண்டும். 1906இல் எழுந்த வினாவுக்கு ஸ்டானிஸ்லாவ்ஸ்கி கண்ட விடை இருவழிப் பாதை ஒன்றே. அதன் ஒருவழியை அடைத்துவிட்டு மறுவழியை மட்டும் கற்பித்தல் அவர் கண்ட முறையாகாது.